மீன்களுக்கு ஆகாத மருந்து

கலங்கிய தண்ணீரைப் பார்த்தால் எனக்குத் தலைவலி வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் வீட்டுக்குப் பின்னால் குளம் கட்டியபோது, மீனைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். நீங்கள் மலையாளத்தில் எழுதிக்கொள்ளுங்கள், நான் தமிழிலேயே சொல்கிறேன். நிதானமாகச் சொன்னால் உங்களுக்கும் புரியும்.

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் தெருவில் என்னை மாஷ் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் வாத்தியாராக இருந்தவன் அல்ல. பள்ளிக்கூடத்தில் வேதியியல் லேப் அசிஸ்டன்டாக இருந்து ஓய்வு பெற்றவன். அவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, நானும் திருத்தப் போகவில்லை. குளோரின் என்றால் என்ன என்று அந்தத் தெருவில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். மாஷ் என்ற மரியாதை எனக்குக் கூடுதல் ஒன்றுமில்லை.

முதலில் வாங்கிவிட்ட கோய் என்கிற அலங்கார மீன்கள் எல்லாம் செத்துப்போயின. தண்ணீர் பச்சையாகிப் பாசி நாறியது. பக்கத்து வீட்டுப் பரீது தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அடுத்த தடவை சாவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், குழம்பாவது வைக்கலாம் என்று கடையில் வைத்து என்னைக் கேலி செய்தார். சாமான் வாங்க நின்ற பெண்கள்கூடச் சிரித்தார்கள். பரீதுக்கு மீன் என்றால் குழம்பு. அந்த மூளை அதற்கு மேல் ஓடாது.

வடிகட்டி என்றால் அழுக்கைப் பிடித்துவைக்கிற துணி என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. அழுக்கு பெரிய விஷயமே இல்லை. மீனின் கழிவு தண்ணீரில் கரைந்து விஷமாகிறதே, அதுதான் விஷயம். அதைத் தின்று தீர்க்கிற பாக்டீரியாக்கள் உண்டு. அவை குடியிருக்க இடம் வேண்டும். இரண்டு நீல டிரம்களில் ஸ்பாஞ்சும் உடைந்த ஓட்டுச் சில்லும் நிரப்பி, மோட்டார் வைத்துத் தண்ணீரைச் சுற்றவிட்டேன். போதாது என்று தோன்றியது. புதுத் தண்ணீர் இரவும் பகலும் மெல்லச் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், பழையது வழிந்து தென்னைக்குப் போக வேண்டும். அப்படிச் செய்தால் குளம் கண்ணாடியாக நிற்கும்.

புதுத் தண்ணீருக்கு நான் எங்கேயும் அலைய வேண்டியிருக்கவில்லை. தெருவின் குடிநீர்த் தொட்டி என் வீட்டு மதிலை ஒட்டித்தான் நிற்கிறது. வயலோரக் கிணற்றிலிருந்து அதற்கு நீர் ஏறும். தெருக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற திட்டம் அது. சாவி என் கையில். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளியவைத்து, தொட்டியில் ஊற்றுவது என் பொறுப்பு. தொட்டியின் அடியிலிருந்து விரல் பருமனில் ஒரு குழாயை என் குளத்துக்கு எடுத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தலைக்கு மேலே நிற்கிற தொட்டியை அவர்கள் நிமிர்ந்து பார்த்ததே கிடையாது.

புது மீன்களை வாங்கிவிட்டு, குழாயைத் திறந்த சில நாளில் அவை மேலே வந்து வாயைப் பிளந்தன. டிரம்மில் இருந்த பாக்டீரியாக்கள் செத்துவிட்டன. நான் ஊற்றுகிற குளோரின்தான் காரணம் என்று உடனே தெரிந்தது. அது நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பார்க்காது.

வேறு வழி இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. கோயம்புத்தூரில் அதற்கென்றே கரி வடிகட்டி கிடைக்கிறது. வாங்கி மாட்டினால் அடிக்கடி மாற்ற வேண்டும், மாற்ற மறந்தால் மீன் போய்விடும். தொட்டியிலேயே குளோரினை நிறுத்திவிட்டால் எந்தத் தொல்லையும் இல்லை. யோசித்துத்தான் செய்தேன், அவசரப்படவில்லை.

மேலும், தெருக்காரர்கள்தான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாயாவில் மருந்து வாடை அடிக்கிறது என்று பரீது ஊரைக் கூட்டாத குறை. சோற்றில் நாறுகிறது, குழந்தை குடிக்க மாட்டேன் என்கிறது என்று வீட்டுக்கு வீடு புலம்பல். சித்திரையில் நிறுத்தினேன். ஒரே வாரத்தில் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கிறது என்று என்னைப் பாராட்டினார்கள். பரீது தன் கடையிலிருந்து ஒரு சீப்புப் பழம் கொடுத்தனுப்பினார். மாஷ் கைப்பக்குவமாம்.

பவுடர் மூட்டை மூட்டையாக வந்துகொண்டுதான் இருந்தது. அதைச் சாக்கடை ஓரமெல்லாம் கோடாகத் தூவினேன். நம் ஆட்களுக்குத் தரையில் வெள்ளைக் கோடு தெரிந்தால் போதும், சுகாதாரம் வந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்குவார்கள். மருந்து குடிக்கிற தண்ணீரில் இல்லை, சாக்கடையில் கிடக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்படிப்பட்டவர்களோடு நாற்பது வருஷம் குடியிருந்திருக்கிறேன்.

மருந்தை நிறுத்திய அன்றைக்கே என் மனைவி பொன்னாத்தாளிடம், இனிமேல் குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஏனுங்க என்றாள். என் தொண்டைக்கு ஆகவில்லை என்றேன். சீரகம் போட்டுக் கொதிக்கவைத்தாள். மற்ற வீடுகளிலும் அடுப்பு இருக்கிறது, விறகு இருக்கிறது, கேஸ் இருக்கிறது. அவர்களும் கொதிக்கவைப்பவர்கள்தான். ஆனால் சூடாக இருக்கிறது என்று அதில் அரைச் செம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றி ஆற்றிக் குடிப்பார்கள். இதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இல்லை, நீங்கள் நீட்டுகிற தண்ணீர் வேண்டாம். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் நான் குடிப்பதில்லை.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பெய்து கிணறு நிறைந்தது. வயலில் கிடந்ததெல்லாம் அதில் இறங்கியிருக்கும். ஆடி பிறக்கும்போது தெருவில் இரண்டு பேருக்கு மஞ்சள்காமாலை. பச்சிலை வாங்க எல்லை தாண்டி ஆனைமலைப் பக்கம் ஓடினார்கள். சுகாதார நர்ஸ் பிரதீபா வந்து, தொட்டியில் குளோரின் போடுகிறீர்களா என்று கேட்டாள். போடுகிறேன் என்று காலி மூட்டைகளைக் காட்டினேன். மறுநாள் தண்ணீரைச் சோதிக்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். சோதிக்கிறவள் சொல்லிவிட்டு வருவாளா? அந்த ஒருநாள் மட்டும் குளத்துக் குழாயை மூடிவிட்டு, தொட்டியில் முறையாக மருந்து ஊற்றினேன். சோதனைக் குழாயில் குளோரினுக்கான மஞ்சள் நிறம் வந்தது. அவளுக்குத் திருப்தி. அவள் போனதும் தொட்டியைக் காலி செய்து புதுத் தண்ணீர் ஏற்றி, குளத்துக் குழாயைத் திறந்தேன்.

அந்த ஒருநாள் குழாயை மூட முடிந்தது என்றால் மற்ற நாளும் முடிந்திருக்குமே என்பீர்கள். முடிந்திருக்காது. அப்போதுதான் மீன் குஞ்சு பொரித்திருந்தது. நூல் நூலாக நூற்றுக்கணக்கில். அந்தப் பருவத்தில் குழாயை நாள்கணக்கில் மூடிவைக்க முடியாது.

அந்தச் சமயத்தில்தான் பரீதின் மகள் ஃபர்ஸானாவை ஏழாம் மாதம் என்று கோயம்புத்தூர் உக்கடத்துப் புகுந்த வீட்டிலிருந்து அழைத்து வந்தார்கள். அவள் அம்மா ஐசும்மா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டார். தெருவில் நோய் என்று பயமாக இருக்கிறது, பிள்ளைக்குக் கொதிக்கவைத்த தண்ணீர் குமட்டுகிறது, பானைத் தண்ணீர்தான் வேண்டும் என்கிறாள் என்றார்.

"பச்சத் தண்ணி குடுக்கலாமுங்களா மாஷே? நீங்க சொன்னா எனக்குத் தைரியம்."

"தாராளமாக் குடுங்க. மருந்து போட்டுட்டுத்தானே இருக்கறேன்."

நான் சொன்னதில் பொய் இல்லை. மருந்து போட்டுக்கொண்டுதான் இருந்தேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார். ஏன் என்றால் தொட்டி, தொட்டி என்றால் குழாய், குழாய் என்றால் குளம். அத்தனையையும் மதில் மேல் சாய்ந்துகொண்டு ஒரு பெண்பிள்ளைக்கு விளக்க முடியுமா?

ஆள் சாகலாம் என்று தெரியுமா என்றால், தெரியும். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் யாராவது போவதென்றால் அது பரீதாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். கடையில் உட்கார்ந்து நாள் முழுக்கக் குழாய்த் தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்கிற ஆள். வயதும் ஆகிவிட்டது. கோபத்தில் சொல்லவில்லை, நியாயமாக யோசித்தால் அப்படித்தான் வரும். அவருக்கு ஒரு காய்ச்சல்கூட வரவில்லை.

ஃபர்ஸானாவுக்கு ஆவணியில் கண் மஞ்சளாகியது. கர்ப்பிணிகளை அது சும்மா விடாது. பாலக்காட்டுக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து திருச்சூருக்கு. வயிற்றில் இருந்ததும் அவளும் ஒன்றாகப் போனார்கள். மையத்து வந்தபோது நானும் போய்த் தலையைக் குனிந்து நின்றேன். பரீது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அத்தனை பேர் முன்னால் அது எனக்குச் சங்கடமாக இருந்தது. சாயா கொடுத்தார்கள், நான் தொடவில்லை.

எல்லாம் அத்தோடு அடங்கியிருக்கும். பொன்னாத்தாள்தான் கெடுத்தாள். துக்க வீட்டில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டில் சித்திரையிலிருந்தே கொதிக்கவைத்த தண்ணீர்தான், தொண்டை சரியாயிருந்தும் அவர் விடவில்லை என்று சொல்லிவிட்டாள். எட்டாம் வகுப்பு படித்தவள். இத்தனை நாள் என் சோற்றைத் தின்றுவிட்டு, ஊர்ச் சபையில் என்னைக் காட்டிக்கொடுக்க மட்டும் அவளுக்குப் புத்தி வேலை செய்தது.

மறுநாள் காலை ஐசும்மா எங்கள் கொல்லைக்கே வந்தார். என் குளத்தை அவர் பார்த்ததில்லை. தொட்டியிலிருந்து வருகிற குழாயை முதலிலிருந்து கடைசி வரை கண்ணாலேயே தொடர்ந்து போனார். குளத்தின் அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிகிற தண்ணீர். என் வாழ்நாளில் அவ்வளவு தெளிவான குளம் நான் பார்த்ததில்லை. குஞ்சுகள் கூட்டமாகத் திரும்பின. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தெரிஞ்சுதானுங்களா குடுக்கச் சொன்னீங்க?"

"தெரிஞ்சுதான்" என்றேன். கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லுகிற பழக்கம் எனக்கு.

ஐசும்மா குளத்தின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தக் குழாயையாவது மூடுங்கள் என்று மட்டும் சொன்னார். குஞ்சுகளைப் பற்றி அவருக்கு எடுத்துச் சொன்னேன். காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. பொன்னாத்தாள் வந்து அவரைக் கைத்தாங்கலாக எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் இன்னும் திரும்பி வரவில்லை.

உங்கள் ஆட்கள் என்னை இங்கே கூட்டிவந்த அன்று, தெருக்காரர்கள் சாவியைப் பிடுங்கி மூட்டையை அப்படியே தொட்டியில் கவிழ்த்திருக்கிறார்கள். அளவு கிடையாது, கரைத்துத் தெளியவைப்பது கிடையாது. குளத்துக் குழாயை மூட ஒருவரும் கை நீட்டவில்லை. விடியும்போது குளம் முழுக்க மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தனவாம், குஞ்சு ஒன்றுவிடாமல். உங்கள் கான்ஸ்டபிள்தான் சொன்னார். அதற்கும் ஒரு வழக்கு எழுத வேண்டும். என்னுடையதை முழுக்க ஒப்புக்கொண்டுவிட்டேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவர்களை அறியாமல் செய்தவர்கள் என்று விட்டுவிடாதீர்கள். அந்தத் தண்ணீரை நம்பி அங்கே உயிர்கள் இருப்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.