காவடிக்குத் தனிக் காத்து

— இந்தக் காவடி மரத்த அறுத்து எறிஞ்சிடுறேன்னு நாஞ் சொல்றேன், நீங்க இதுக்கே புதுசா ஏர் லைன் இழுக்கச் சொல்றீங்களே ஆண்டியண்ணே! ஒங்களுக்குப் புத்தி கித்தி பெசகிருச்சா?

— அறுக்க வேணாங்க பாஸ். காவடிக்குத் தனிக் காத்து வேணும். பிரேக்குக் காத்துல கை வைக்கக் கூடாது. அம்புட்டுத்தான் நாங் கேக்குறது.

— மொதல்ல உள்ள தள்ளி நில்லுங்க, அந்தப் பக்கம் தகரம் ஒழுகுது. சாப்புட்டுட்டு வந்து பாத்தா கராஜ் வாசல்ல இந்த லொறி நிக்கிது. ஆண்டவரே! தர்ஷன் லொறிதான இது? தோட்டத்து லயத்து வீடுங்களுக்குப் பின்னால படங்கு போட்டு மூடிக் கெடந்துச்சே.

— அதே லொறிதாங்க. அதே ட்ரெயிலருதான்.

— யாரு ஓட்டிட்டு வந்தது?

— ஒரு பயலக் கூட்டியாந்தேன். ரோட்டுல நிக்கிறான்.

— இந்த மழையிலயா? உள்ள வரச் சொல்லுங்க.

— வர மாட்டான். அது கெடக்கட்டும், வேலயச் சொல்லுங்க பாஸ்.

— என்னத்தச் சொல்ல? ஒங்க மகன் மேல ஏறுன லொறி இது. எங்கிட்ட கேட்டா கொளுத்திட்டு வாங்கன்னுதான் சொல்லுவேன். நீங்க என்னடான்னா வர்ற திருவிழாவுக்கு மறுபடி பறவைக் காவடி கட்டணும்னு வந்து நிக்கிறீங்க. ஒங்க வீட்டுல அம்மாக்கண்ணு அக்காவுக்குத் தெரியுமா?

— தெரியும். மஞ்சத் துணியத் தொவச்சிப் போட்டுருக்கு. காயத்தான் மாட்டேங்குது.

— மஞ்சத் துணி யாருக்கு? யாரு தொங்கப் போறா?

— நான்தான்.

— வெளையாடாதீங்கண்ணே. இந்த வயசுல முதுகுல கொக்கி குத்திக்கிட்டு இந்த மரத்துல தொங்குவீங்களா?

— ஆத்தா தாங்குவா. எனக்கு வேண்டியது இந்தக் காத்து சமாச்சாரம் வெளங்கணும். கோர்ட்டுல எல்லாஞ் சிங்களத்துல சொன்னாங்க. பிரேக்குல காத்து இல்ல, காத்து இல்லங்கிறாங்க. காத்து இல்லன்னா என்னா பாஸ்? காத்து எங்கயும் இருக்கத்தான செய்யிது?

— வேணாண்ணே. அதத் தெரிஞ்சிக்கிட்டு என்னா பண்ணப் போறீங்க?

— சொல்லுங்க பாஸ். ஒரு வருஷமா அதுதான் மண்டைக்குள்ள ஓடுது.

— ...சரி, ஏறுங்க. டிரைவர் சீட்டுல ஒக்காருங்க. பயப்படாதீங்க, டயருக்குக் கல்லு வச்சிருக்கேன். எஞ்சினப் போட்டுப் பாத்துட்டு இப்பதான் நிப்பாட்டுனேன், டேங்கு நெறைய காத்து இருக்கு. பிரேக்க மிதிங்க.

— கெட்டியா இருக்குங்க. உஸ்ஸுங்குது.

— ஹாரன் அடிங்க.

— யம்மாடி! தேயிலைக்குள்ள இருக்குற நாயெல்லாம் கொரைக்கிது.

— இப்பப் பின்னால பாருங்க. மொதல்ல எல்லாம் ஆளுங்க கயித்தப் புடிச்சித்தான இந்த மரத்த ஏத்தி எறக்குவாங்க? தர்ஷன்தான் கழிச்சிப் போட்ட பஸ்ஸுலேருந்து இந்த சிலிண்டரக் கழட்டி மாட்டுனான். மூள உள்ள பய, இல்லைங்கல. ஆனா அதுக்குக் காத்த எங்கேருந்து எடுத்தான் தெரியுமா? பிரேக் டேங்குலேருந்தே ஒரு குழாய இழுத்துட்டான். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா காலப் புடிச்சாவது தடுத்திருப்பேன். பாருங்க, மரத்த ஏத்துறேன். எறக்குறேன். திரும்ப ஏத்துறேன். மீட்டரப் பாத்துக்கிட்டே இருங்க.

— எறங்கிக்கிட்டே வருதுங்க.

— இந்நேரம் ஒரு பஸர் கத்தணும், காத்து கொறஞ்சிருச்சுன்னு. ஏன் கத்தல?

— அது வயர அன்னிக்கே புடுங்கிட்டாங்க பாஸ். மரம் ஏறி எறங்க எறங்க அது கீன்னு கத்துச்சு. தப்பு மேளச் சத்தத்தையே அமுக்கிருச்சு. சாமி வர்ற நேரத்துல இது என்னடா எழவுச் சத்தம்னு மொத்த சனமும் கூப்பாடு போட்டுச்சு. நானுந்தான். எம் மகன் தப்ப அடிச்சிக்கிட்டே, "டேய் தர்ஷன், அடி கலையுதுடா, அந்தச் சனியனப் புடுங்கிப் போடு"ன்னான்.

— ஒங்க சுகந்தனா சொன்னான்?

— கூட்டாளிங்கதான ரெண்டு பேரும். அவஞ் சொன்னான், இவன் புடுங்குனான். சனம் கை தட்டுச்சு.

— ஆண்டவரே! ...இப்ப பிரேக்க மிதிங்கண்ணே.

— மிதிக்கிறேன்.

— நல்லா மிதிங்க.

— மிதிக்கிறேன் பாஸ்! ஒண்ணுமே இல்லையே. உஸ்ஸுங்கல, இழுக்கல, சும்மா கீழ போகுது.

— ஹாரன்?

— அமுக்குறேங்க... சத்தமே வரல.

— அதுவும் அதே காத்துதான்.

— அப்ப அன்னிக்கித் தேயிலை ஸ்டோரு எறக்கத்துல தர்ஷன் இப்பிடித்தான் மிதிச்சிருப்பானா?

— இப்பிடித்தாண்ணே.

— ஹாரனையும் அமுக்கியிருப்பான்.

— அமுக்காம இருப்பானா?

— எம் மகன் முதுகக் காட்டிக்கிட்டு முன்னால அடிச்சிட்டுப் போறான். பின்னால லொறி வருது, கூட்டாளியக் கூப்புடக்கூட இவனுக்கு ஒரு வழியில்ல. நான் என்னா நெனச்சேன் தெரியுங்களா? பராக்குப் பாத்துட்டான், குடிச்சிருந்தான், அப்பிடித்தான் நெனச்சேன். தர்ஷனோட அம்மா மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கேன்.

— எறங்குங்க. இந்தாங்க, இந்த பிளேன்டிய குடிங்க.

— பெறகு குடிக்கிறேங்க. தனிக் காத்துன்னா எப்பிடி, அதச் சொல்லுங்க.

— ட்ரெயிலர்ல காவடிக்குன்னு ஒரு டேங்கு. நடுவுல இந்த வால்வு. ஹட்டன்ல ஒரு பழைய லொறியிலேருந்து கழட்டிட்டு வந்தது, நல்ல சாமான். மொதல்ல பிரேக்கு டேங்கு நெறையணும். அது நெறஞ்ச பின்னாலதான் இது காவடிப் பக்கம் தொறக்கும். பிரேக்குல கொஞ்சம் கொறஞ்சாலும் பட்டுனு மூடிக்கும். வெளங்குதா?

— காவடிக் காத்து ஒட்டுக்காத் தீந்துட்டா?

— மரம் அசையாம நிக்கும். பிரேக்கு புடிக்கும்.

— குழாய் வெடிச்சா?

— அப்பவும் புடிக்கும்.

— எவனாவது வேணும்னே இந்த வால்வத் திருகி விட்டா?

— ...ஏன் கேக்குறீங்க?

— சும்மாதான்.

— சும்மா இல்ல. ஆண்டியண்ணே, என் மூஞ்சியப் பாருங்க. தர்ஷன கோர்ட்டு விட்டுருச்சுன்னு ஒங்களுக்கு ஆத்திரமா? அவன் லொறிய வச்சே அவன என்னமோ செய்யப் பாக்குறீங்களா? சாவி எப்பிடி ஒங்க கைக்கு வந்துச்சு?

— அவங்கம்மா குடுத்துச்சு.

— குடுத்துச்சா, மெரட்டி வாங்குனீங்களா?

— கோர்ட்டு விட்டுச்சு பாஸ், லயம் விடலயே. அந்தப் பொம்பள தண்ணிப் பீலிக்கு வந்தா தண்ணி புடிச்சிட்டு இருக்குறவங்க பாதிக் கொடத்தோட எந்திரிச்சிப் போறாங்க. மலையில அதுக்குப் பக்கத்து நெறையில நின்னு கொழுந்து எடுக்க ஆளில்ல. போன மாசம் தர்ஷன் பூச்சி மருந்து குடிச்சது ஒங்களுக்குத் தெரியுமில்ல?

— கேள்விப்பட்டேன். பாவம்.

— அந்தப் பொம்பள ஒவ்வொரு காம்பராக் கதவா தட்டுது, எம் புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்க வாங்கன்னு. ஒரு கதவு தொறக்கல. என் கதவையுந் தட்டுச்சு.

— தொறந்தீங்களா?

— நாந் தொறக்கல. சுவரப் பாத்துப் படுத்துட்டேன். அம்மாக்கண்ணுதான் எந்திரிச்சித் தொறந்துச்சு. "நம்ம வீட்டுல சோறு தின்ன புள்ள, எந்திரிங்க"ன்னுச்சு. பெறகு நான்தான் தோள்ல போட்டுத் தூக்குனேன். அம்புட்டுப் பெரிய பயலுக்குக் கனமே இல்லங்க.

— ...சரி, வாங்க. அந்தக் குழாய் நுனியப் புடிங்க. அசைக்காதீங்க. செஞ்சி தர்றேன்.

— நல்லா இறுக்குங்க பாஸ்.

— இறுக்குறதுக்கு எனக்குச் சொல்லித் தர்றீங்களா? டார்ச்ச இந்தப் பக்கம் காட்டுங்க. இன்னுங் கொஞ்சம். ஆங். பஸர் வயரையும் மாட்டிட்டேன். எந்தச் சாமி வந்து சொன்னாலும் இத எவனும் புடுங்கக் கூடாது, வெளங்குதா? இப்ப நான் எஞ்சினப் போட்டுக் காத்து நெரப்புறேன். நெறஞ்சதும் நீங்க ஏறுங்க.

— ஏறிட்டேங்க.

— மரத்த ஏத்தி எறக்குறேன், பாத்துக்கிட்டே இருங்க... ஏத்துறேன்... எறக்குறேன்... ம்ம், அம்புட்டுத்தான். காவடிக் காத்து தீந்துருச்சு, மரம் அசையல. மிதிங்க.

— உஸ்ஸுங்குது பாஸ்! கெட்டியா நிக்கிது!

— ஹாரன்... சரி சரி, போதும், கைய எடுங்கண்ணே! ஏன் அமுக்கிக்கிட்டே இருக்கீங்க? அழாதீங்க.

— போன வருஷம் இந்தச் சத்தம் வந்திருந்தா...

— வந்திருந்தா நகந்திருப்பான். கண்ணத் தொடச்சிட்டு எறங்குங்க. இப்பச் சொல்லுங்க, திருவிழா அன்னிக்கி யாரு ஓட்டப் போறது? கண்டவன் கையில ஒங்களத் தொங்க விட மாட்டேன்.

— கண்டவன் இல்லங்க. நான் மேல தொங்கணும், அவன் ஸ்டோரு எறக்கத்துல பிரேக்கு புடிச்சி நிப்பாட்டணும். அத லயமே நின்னு பாக்கணும். அதுக்குத்தான் நேந்திருக்கேன்.

— அந்த ரோட்டுல நிக்கிற பயலா?

— அவன்தான். வர்ற வழியெல்லாம் பிரேக்க மிதிச்சி மிதிச்சிப் பாத்துக்கிட்டே வந்தான்.

— ஐயோ, இன்னும் நனஞ்சிக்கிட்டா நிக்கிறான்? உள்ள வரட்டும், அவனுக்கு நான் மீட்டரக் காட்டணும். பேரச் சொல்லுங்க, கூப்புடுறேன்.

— தர்ஷன்னு கூப்புடுங்க பாஸ். நாங் கூப்புட்டா அழுவுறான்.