டீசல் காருக்கு ரெண்டு வாரிசு

— அவன்கிட்ட சொல்லு பாப்பா. அப்பாவோட காரை அவனே எடுத்துக்கட்டும். நான் மூத்தவன், விட்டுக்கொடுக்கிறேன். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல.

— அக்கா, அவர்கிட்ட சொல்லு. அண்ணன்னு ஒருத்தர் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது தம்பி கை நீட்டினா நல்லாவா இருக்கும்? அவரே எடுத்துக்கட்டும். சத்தியமா எனக்கு மனவருத்தமே இல்ல.

— ரெண்டு பேரும் ஒரே சோபாவுல உக்காந்திருக்கீங்க. நடுவுல ஒரே ஒரு தலகாணி. அண்ணன் பேசுறது தம்பிக்குக் கேக்குது, தம்பி பேசுறது அண்ணனுக்குக் கேக்குது. இதுக்கு நடுவுல நான் எதுக்குத் தபால்காரி வேலை பாக்கணும்?

— ஆறு வருஷமா பேசாதவன்கிட்ட திடீர்னு எப்படிப் பேசுறது பாப்பா?

— அதானே அக்கா. அவர் மொதல்ல ஆரம்பிக்கட்டும்.

— ஆகட்டும். ரெண்டு பேரும் என்னைப் பாத்தே பேசுங்க. ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க. எங்க வீட்டுக்காரருக்கு மாத்தல் வந்தாச்சு. மாசக் கடைசியில இந்த வீட்டையும் காலி பண்றோம், பின்னாடி இருக்கிற ஷெட்டையும் காலி பண்றோம். அப்பா போன கையோட நீங்க ரெண்டு பேரும் இந்தக் காருக்காக அடிச்சுக்கிட்டப்ப, மாமா வந்து பஞ்சாயத்து பண்ணாரே, ஞாபகம் இருக்கா? “ரெண்டு பயலும் ஒத்துப்போற வரைக்கும் வண்டி பாப்பா வீட்டு ஷெட்டுல நிக்கட்டும், எவனும் பூட்டுப் பக்கம் போகக் கூடாது”ன்னு ஷெட்டுச் சாவிய என்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. இதோ, டீப்பாய் மேல இருக்கு. இன்னைக்கு ஒருத்தர் எடுத்துக்கிட்டுத்தான் இந்த வாசப்படியத் தாண்டணும்.

— பாப்பா, காபித் தட்ட அங்க வைக்காதே. தட்டு இடிச்சு சாவி என் பக்கமா நகருது.

— நகர்ந்தா நகரட்டுமே அண்ணே. தொட்டா சுட்டுடுமா?

— தொட்டா என் தலையில கட்டிடுவே. உன்னை எனக்குத் தெரியாதா? ஆமா, அம்மா எங்க?

— மாடியில துணி காயப் போடுறாங்க. அம்மாவைப் பத்தியும் பேசணும் அண்ணே. நாங்க போற ஊர்ல கம்பெனியில குடுத்திருக்கிறது ஒத்த ரூம் வீடு. அதனால அம்மா...

— மொதல்ல கார்!

— கரெக்ட் அக்கா, மொதல்ல கார். அவர் சொல்றதுதான் சரி.

— அடேங்கப்பா! ஆறு வருஷத்துல மொத தடவையா ஒரு விஷயத்துல ஒத்துப்போயிருக்கீங்க. கண்ணு பட்டுடப் போகுது. சரி, காருக்கே வருவோம். அன்னைக்கு என்னா பேச்சு பேசினீங்க! “டீசல் வண்டி யானை மாதிரி பாப்பா, இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்”னு சொன்னது யாரு அண்ணே?

— சொன்னேன். யார் இல்லேன்னா? இப்ப அந்த யானைக்கு வயசாயிடுச்சு. கட்டித் தீனி போட என்னால ஆகாது. நான் ரிட்டயர் ஆனவன். காலையில பேப்பர், சாயந்திரம் பார்க். எனக்கு எதுக்குக் கார்? நிறுத்த இடமும் கிடையாது. வாசல்ல உங்க அண்ணி பூந்தொட்டி வெச்சிருக்கா. தொட்டிய நகத்தினா என்னை நகத்திடுவா.

— எனக்கு மட்டும் அரண்மனையா இருக்கு அக்கா? செல்ஃபோன் கடைக்கு மேல ரெண்டு ரூம். கீழ சந்து. அந்தச் சந்துல பைக்க நிறுத்திட்டு எறங்கணும்னாலே மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கிட்டுத்தான் எறங்கணும். இதுல அவ்ளோ பெரிய வண்டி! என் பொண்டாட்டி ஒரே வார்த்தை சொல்லிட்டா: “அது உள்ள வந்தா நான் வெளிய.” சத்தியமா அக்கா.

— அவ வெளிய போனா அந்த இடத்துல கார நிறுத்திக்கோடா.

— விளையாடாத அக்கா.

— பாப்பா, அவன்கிட்ட சொல்லு, அவன் சின்ன வயசு. ரிப்பேர் பாக்க, எஃப்.சி. எடுக்க, அலைய திரிய ஒடம்புல தெம்பு இருக்கு. வயசான வண்டிய வெச்சுப் பாக்கிறது சின்னவங்க கடமை.

— அக்கா, அவர்கிட்ட சொல்லு, வயசான வண்டியோட அருமை பெரியவங்களுக்குத்தான் தெரியும். பொறுமை வேணும். என்கிட்ட ஏது பொறுமை?

— ஆகட்டும். அப்ப ரெண்டு பேருக்குமே வேண்டாம். பேசாம வித்துடலாமே?

— எங்கே விக்கிறது பாப்பா! அந்தப் பாலத்தடியில இருக்கிற புரோக்கர் டீசல்னு சொன்னதுமே ஃபோன வெச்சுட்டான். நான் ஹலோ ஹலோன்னு கத்துறேன்...

— பாலத்தடியிலயா? கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, எப்பப் பாத்தாலும் பல் குத்திக்கிட்டு இருப்பானே, அவன்கிட்டயா கேட்டீங்க?

— அவன்தான். உனக்கு எப்படித் தெரியும்?

— நானும் அவன்கிட்டதான் மொதல்ல போனேன்! “சார், பெட்ரோல் வண்டின்னா நான் உங்க வாசல்ல வந்து நிப்பேன். டீசல்னா நீங்க என் வாசல்ல வந்து நின்னாலும் கதவத் திறக்க மாட்டேன்”னுட்டான்.

— ஹை! நேருக்கு நேராப் பேசிட்டீங்க! என் தபால் வேலை போச்சு. போகட்டும், அதுக்குச் சம்பளமும் இல்ல.

— சும்மா இரு பாப்பா. தம்பி, நீ பாலத்தடியோட விட்டுட்டே. நான் ஊருக்கு வெளிய இருக்கிற பெரிய கடைக்கே போனேன். மைதானம் மாதிரி இடம். பூரா டீசல் வண்டிதான், வரிசையா நிக்குது. “யாராவது வந்து கேக்கிறாங்களா”ன்னேன். “அந்தக் கடைசி வண்டிக்கு மட்டும் தினமும் ஒரு ஆள் வருது சார்”னான். ஆசையா எட்டிப் பாத்தா, ஒரு நாய் அதுக்கடியில குட்டி போட்டிருக்கு.

— நான் நெட்டுல விளம்பரமே போட்டேன் அண்ணே. அப்பா இருந்தப்ப எடுத்த பழைய ஃபோட்டோவ வெச்சு. “ஒரே ஓனர், பொத்திப் பொத்தி வெச்ச வண்டி”ன்னு போட்டேன்.

— பங்கே பிரிக்காத சொத்துக்கு நீ எப்படிடா விளம்பரம் போட்டே?

— நீங்க எப்படி புரோக்கர்கிட்ட போனீங்களோ அப்படித்தான்.

— நான் விலைதான் விசாரிச்சேன். விசாரிக்கிறது வேற, விக்கிறது வேற. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல.

— நல்ல முறை! சரி, கேளுங்க. மொத்தமே ரெண்டே ஃபோன்தான் வந்துச்சு. ஒருத்தன், “என் வண்டிய எடுத்துக்கிட்டு உங்க வண்டியக் குடுக்கிறீங்களா”ன்னான். அவனோடதும் டீசலாம். இன்னொரு ஆளு யாரோ கிழவன். மூக்கடைச்ச மாதிரி குரல். “வண்டி வேணாம் தம்பி, டயர் மட்டும் தனியாக் குடுப்பீங்களா”ன்னு கேட்டான். டயர் எப்படி, எந்தக் கம்பெனி, எப்ப மாத்தினதுன்னு இழுத்துக்கிட்டே போறான். கடையில வியாபாரத்த விட்டுட்டு பதில் சொல்றேன். கடைசியில, “சாப்பிட்டீங்களா தம்பி”ன்னு கேட்டுட்டு வெச்சுட்டான். பைத்தியக்காரன்.

— என்ன அண்ணே, காபி ஆறுது. ஏன் தலையக் குனிஞ்சுக்கிட்டீங்க?

— அந்தப் பைத்தியக்காரன் நான்தான் பாப்பா.

— நீங்களா?

— பார்க்ல ஒருத்தர் ஃபோன வாங்கி, கைக்குட்டைய மூக்குல வெச்சுக்கிட்டுப் பேசினேன். ஃபோட்டோவுல அப்பா கார். கீழ இவன் நம்பர். விட மனசு வரல. டயரப் பத்திக் கேட்டா ரெண்டு நிமிஷமாவது பேசுவான்னு நினைச்சேன். குரலக் கேட்டு எவ்ளோ நாளாச்சு.

— அண்ணே... டயருக்குப் பதிலா ஒழுங்கா ‘எப்படிடா இருக்கே’ன்னு கேட்டிருக்கலாமே அண்ணே.

— அதுக்குக் கைக்குட்டை பத்தாதுடா.

— எனக்குந்தான் அண்ணே. வண்டி மேல எனக்கு என்ன ஆசை? வாராவாரம் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அதுலதான் கூட்டிட்டுப் போனேன். பக்கத்துல உக்காந்துக்கிட்டு, “மெதுவா, மெதுவா, கியர மாத்து, எருமை”ன்னு திட்டிக்கிட்டே வருவாரு. அந்த சீட்ட இன்னொருத்தர் எடுத்துக்கிட்டுப் போறாங்கன்னதும் தாங்கல. அதான் கத்திட்டேன்.

— நான் மட்டும் என்னடா? மூத்தவன் மூத்தவன்னு எல்லா வேலையும் என் தலையில போட்டாரு. ஒரு தடவையாவது, “இது உனக்கு”ன்னு எடுத்துக் குடுத்தாரா? கார்னு ஒண்ணு கிடைச்சா குடுத்த மாதிரி இருக்கும்னு நினைச்சேன். அதுக்காக ஆறு வருஷம் போச்சே, உன் பொண்ணு பேச ஆரம்பிச்சத நான் பாக்கல.

— உங்க மாப்பிள்ளை முகம் எனக்கு ஃபோட்டோவுலதான் அண்ணே தெரியும்.

— ரெண்டு பேரும் அழுது முடிச்சுட்டுச் சொல்லுங்க. அடுத்த காபி போட்டுக் கொண்டாறேன்.

— அழலடி பாப்பா. வயித்தெரிச்சல். அன்னைக்கே, டீசலுக்கு மவுசு இருந்தப்பவே, ஊரே க்யூவுல நின்னப்பவே வித்துத் தொலைச்சிருக்கலாம். ரெண்டு பேரும் நீயா நானான்னு நின்னு, கைக்கு எட்டினத வாய்க்கு எட்டாமப் பண்ணிட்டோம்.

— அப்ப வித்தவன் மகராசன் அண்ணே. இப்ப இருக்கிறவன்தான் இளிச்சவாயன்.

— அப்படின்னா, ஒரு பேச்சுக்குச் சொல்றேன், அன்னைக்கு உங்க ரெண்டு பேரையும் கேக்காம யாராவது வித்திருந்தா கோவிச்சிருக்க மாட்டீங்களா?

— கோவமா? கூட்டம் கூட்டி மாலை போட்டிருப்பேன் பாப்பா!

— நான் கால்லயே விழுந்திருப்பேன் அக்கா, சத்தியமா!

— ஆகட்டும். கால் இந்தா இருக்கு. மாலை எங்க அண்ணே?

— எந்த மாலை?

— வண்டிய வித்து நாலு வருஷம் ஆச்சு.

— எந்த வண்டிய?

— ஊர்ல எத்தனை வண்டிக்கு நீங்க ரெண்டு பேரும் வாரிசு? அப்பா வண்டியத்தான். நல்ல விலைக்குப் போச்சு. வாங்கினவன் பேரம் கூடப் பேசல. எங்க வேற யாராவது முந்திக்குவாங்களோன்னு அவனுக்குப் பதட்டம். ஏய், ஏய், மெதுவா! இவ்ளோ நேரம் தொட்டா ஒட்டிக்கும்னு பயந்தீங்க, இப்ப ஆளுக்கொரு பக்கம் சாவியப் பிடிச்சு இழுக்கிறீங்களே!

— விடு தம்பி, நான் போய்ப் பாக்குறேன்!

— நான் பாக்குறேன் விடுங்க அண்ணே!

— பாக்க ஒண்ணுமில்ல. எங்க வீட்டுக்காரர் சைக்கிளும் ரெண்டு ஒடஞ்ச நாற்காலியும்தான் இருக்கு.

— பாப்பா! போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நான் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேனே!

— வந்துச்சு அண்ணே. அப்ப வண்டி போய் ரெண்டு வருஷம் ஆயிருந்துச்சு. வக்கீலுக்கு எவ்ளோ குடுத்தீங்கன்னு நினைச்சப்ப எனக்கே வருத்தமாத்தான் இருந்துச்சு.

— எங்க கையெழுத்து இல்லாம எப்படி வித்தே அக்கா?

— உங்க கையெழுத்து எதுக்குடா? வண்டி அம்மா பேர்ல இருந்துச்சு. அம்மா போட்டாங்க. சண்டை போட்ட வேகத்துல அது யார் பேர்ல இருக்குன்னு பாக்க ரெண்டு பேருக்கும் நேரமில்ல. மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டேன். “தைரியமா வித்துடும்மா. ரெண்டும் ஒண்ணா ஷெட்டத் திறக்க இந்த ஜென்மத்துல வராதுங்க”ன்னாரு.

— மாசாமாசம் வண்டிய ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொல்லி, அண்ணனுக்குத் தெரியாம உனக்குக் காசு அனுப்பினேனே!

— நீயுமாடா? நானும் உனக்குத் தெரியாம அனுப்பினேனே!

— ரெண்டும் வந்துச்சு. வண்டி வித்த காசு போன இடத்துக்கே அதுவும் போச்சு.

— அதத்தான் கேக்குறேன். காசு எங்க பாப்பா? நீ வளையல் வாங்கினியா, வீடு வாங்கினியா?

— அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் மாத்தினோமே, அண்ணே. தவழ்ந்து தவழ்ந்து பாத்ரூம் போய்க்கிட்டிருந்தாங்களே. அந்த ஆஸ்பத்திரி பில்ல யார் கட்டினாங்கன்னு நினைச்சீங்க?

— நீ ‘பணம் கட்டியாச்சு’ன்னு ஃபோன்ல சொன்னே. நான் சின்னவன் கட்டிட்டான் போலிருக்குன்னு...

— ஐயோ, நான் நீங்க கட்டிட்டீங்கன்னுல்ல நினைச்சேன்!

— ரெண்டு பேர்ல ஒருத்தராவது, ‘யார் கட்டினது’ன்னு கேட்டிருக்கலாமே?

— கேட்டா பாதியக் குடுன்னு கேப்பியேன்னு பயம் பாப்பா.

— எனக்கும் அதே பயம்தான் அக்கா. சத்தியமா.

— ஆகட்டும். இப்ப மாடிப்படியில சத்தம் கேக்குதா? கைப்பிடியப் பிடிக்காம, யாரையும் கூப்பிடாம, காலித் துணி வாளியோட தடதடன்னு இறங்கி வராங்களே, அதுதான் உங்க கார். இப்பச் சொல்லுங்க, யாருக்கு வேணும்?