மல்லாந்து கெடக்கறவர்

போன வாரம். ராத்திரி ஒண்ணரை. எங்க ரோட்டுல ஈ காக்கா இல்ல. திடீர்னு எங்க வீட்டுக் கேட்டு... க்ரீச். (ஏய், மேல விழாதே, தள்ளி உக்காரு!)

எட்டிப் பார்த்தா என் ஃப்ரெண்டோட அக்கா. ஊரோட அந்தக் கோடியிலேருந்து தனியா நடந்தே வந்திருக்காங்க.

அவங்க வேலை என்னன்னா... டாக்டர் படிப்புக்குத் தானமா குடுத்த உடம்பை ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டர்ல உருட்டிப் பார்க்கற மாதிரி பண்ற ஆபீஸ். யாருன்னு தெரியக் கூடாதில்ல? முகத்தை அழிக்கறது அக்கா பொறுப்பு. ஒரு நாள், சாம்பல் கலர்ல ஒரு முகம். முடி இல்ல, கண்ணாடி இல்ல, பல்லு செட்டும் இல்ல. வழக்கம்போல அழிச்சுட்டாங்க. அப்புறம் கீழ வந்தா... வலது தொடைக்குள்ள வளைஞ்ச கம்பி. ஸ்கூட்டர்ல விழுந்தப்ப வெச்சது. அவங்க அப்பா!

உடம்பைக் குடுத்தாரு, நிஜம்தான். "பசங்க படிக்கட்டும், அப்புறம் எரிச்சுடுங்க"ன்னாரு. எரிச்சு, சாம்பலும் வீட்டுக்கு வந்தாச்சு. படமாக்கி விப்பாங்கன்னு அவர்கிட்ட யாரும் சொல்லல. படத்தை எடுத்துடுங்கன்னு மேனேஜர்கிட்ட அக்கா கால்ல விழாத குறை. "நம்ம கையில இல்லம்மா, எத்தனையோ காலேஜுக்குப் போயாச்சு"ன்னுட்டாரு.

அப்பாவுக்கு மல்லாந்து படுத்தா மூச்சு முட்டும். ஒருக்களிச்சு, முதுகுக்குத் தலகாணி அண்டக் குடுத்தாத்தான் தூக்கம். ஸ்க்ரீன்ல மல்லாந்து கெடந்தாரு. அக்கா மவுஸைப் பிடிச்சு மெதுவா ஒருக்களிச்சு விட்டாங்க... ஸ்பீக்கரே இல்லாத கம்ப்யூட்டர்லேருந்து ஒரு பெருமூச்சு. கூடவே பிணவறை மருந்து வாடை.

இப்ப எங்க வாசல்ல நின்னுக்கிட்டு, "தம்பியை லேப்டாப்பைத் தொறக்கச் சொல்லேன், அப்பாவைத் திருப்பி விட்டுட்டுப் போயிடறேன்"னாங்க. என் தம்பி டாக்டருக்குப் படிக்கறான். அந்தப் படத்தை ரெண்டு நாள் முன்னாடிதான் ஏத்தியிருக்கான். இவங்களுக்கு எப்படித் தெரியும்னு என்னைக் கேக்காதீங்க.

தொறந்தான். முகம் இல்லாத உடம்பு... மல்லாந்து. அக்கா திருப்பினாங்க. வீடு சட்டுனு அமைதியாச்சு. ர்ர்க்... ர்ர்க்குனு ரெண்டு நாளா வந்த சத்தம் நின்னு போச்சு. நாங்க ஃபேனைத் திட்டிக்கிட்டிருந்தோம்.

"உன் க்ளாஸ்ல எத்தனை பேருப்பா?"

"நூத்தம்பது பேருக்கா."

அக்கா செருப்பை மாட்டிக்கிட்டாங்க. கேட்டு வரைக்கும் போயிருப்பாங்க... மூடி வெச்ச லேப்டாப்புக்குள்ள, படம் பழையபடி மல்லாந்துடுச்சோ என்னவோ, மறுபடியும்... ர்ர்க்.

அக்கா திரும்பி வரல. கேட்டைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னு, "நான் ஒருத்திதானேப்பா"ன்னாங்க.