பின்கதவுக்குப் போட்ட முன்கம்பி

முள்ளுக்குறிச்சியில் பஸ் ஏறிய மச்சானும் மைத்துனனும் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"எங்கப்பன் காரு பாடி முறுக்காம இருக்க கம்பி போட்டிருக்கறேன் மாப்ள" என்றார் மச்சான்.

என் காரிலும் அந்தக் கம்பி உண்டு. கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்பதால் நான் பஸ்ஸில் இருந்தேன். காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இஞ்சினுக்கு மேல, ரெண்டு பக்கத்து ஷாக் அப்சார்பரையும் சேத்துப் பிடிக்குமே, அதுங்களா மச்சான்? முறுக்கறது நின்னுதுங்களா?"

"எங்க நின்னுது? ஊட்டு வாசல்ல ஒரு சக்கரம் பாறை மேல ஏறி நிக்குதில்ல, அப்பப் பின்கதவு ரெண்டும் இன்னமும் திறக்க மாட்டீங்குது."

"கம்பி முன்னால, கதவு பின்னாலங்க. எப்படித் திறக்கும்?"

"சரிபண்ணு, இல்லீனா வித்துப்போடுன்னு உங்கக்கா சொல்லீட்டா."

"வித்துப்போடுங்க."



"கண்ணாலமான புதுசுல எங்கப்பன்தான் ஓட்டுவாரு. வாசல்ல நிறுத்திட்டு அவரு பாட்டுக்கு இறங்கிப் போயிருவாரு. நானும் உங்கக்காளும் பின்னால மாட்டிக்கிட்டு சிரிச்சுக்கிட்டே உக்காந்திருப்போம்."

"இப்ப அக்காகிட்ட என்னங்க சொல்லப் போறீங்க?"

"கதவு சரியாயிருச்சுன்னு சொல்லி, பின்சீட்டுல உக்கார வெக்கறேன். நானும் பக்கத்துல உக்காந்துக்கறேன். நீ ஓட்டு மாப்ள. வாசல்ல நிறுத்திட்டு, நீ பாட்டுக்கு இறங்கிப் போயிரு."