இடது காலா, வலது காலா

பிசியோ: போன வாரம் வலி இடது கால்ல இறங்குதுன்னீங்க. இன்னிக்கு வலது காலைப் பிடிச்சிக்கிட்டு...

தையல்காரர்: நான் எங்க இடதுன்னு...

வார்டு ஆயா: இடதுதான் மேடம். இடுப்புல பிடிச்சா குதிகால் வரைக்கும் சுண்டி இழுக்கும். இவர் தடுமாறுறார்.

பிசியோ: கொஞ்சம் இருங்கம்மா. வலி உங்களுக்கா, உங்க வீட்டுக்காரருக்கா?

வார்டு ஆயா: அவருக்குத்தான்... பக்கத்துல படுக்கிறவளுக்குத் தெரியாதா?

பிசியோ: குதிகால் வரைக்குமா?

தையல்காரர்: என் சட்டைப் பையில என்ன இருக்குன்னே தெரியும் அவளுக்கு.

பிசியோ: சரி, மல்லாந்து படுங்க. முட்டி மடங்காம காலைத் தூக்கப்போறேன். வலிச்சா...

தையல்காரர்: ஐயோ, வலிக்குது.

பிசியோ: நான் இன்னும் தொடவே இல்ல.

தையல்காரர்: வரப்போறது தெரியும்ல...

பிசியோ: எழுந்து ஓரமா உக்காருங்க. பாதத்தைப் பாக்கணும், காலை நீட்டுங்க. இன்னும் நல்லா... இப்ப?

தையல்காரர்: இப்ப ஒண்ணுமில்லயே.

பிசியோ: ரெண்டும் ஒரே நரம்பை இழுத்துப் பாக்கிற சோதனைதான். படுத்தா கத்துறீங்க, உக்காந்தா சிரிக்கிறீங்க.

வார்டு ஆயா: நாள் முழுக்க மிஷின்ல உக்காந்திருக்கிறவர் மேடம். உக்கார்றது பழகிப்போச்சு.

பிசியோ: ம்... பயிற்சி செய்றீங்களா?

தையல்காரர்: ஒரு நாள் விடுறதில்ல. முட்டியை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கி... மூச்சை அடக்காத, மெதுவா இறக்கு, அவசரப்படாதன்னு...

பிசியோ: யார்கிட்ட சொல்வீங்க?

தையல்காரர்: எனக்கு நானே சொல்லிக்குவேன்.

பிசியோ: லீவுக்குச் சீட்டு வேணுமா உங்களுக்கு?

தையல்காரர்: சொந்தக் கடை. யார்கிட்ட போய் லீவு கேக்கறது?

பிசியோ: அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து? ஏம்மா, மேல் வார்டுல படுத்த படுக்கையா இருக்கிறவங்களப் புரட்டுறது, தூக்குறது எல்லாம் நீங்கதானே? உங்க இடுப்பு எப்படி?

வார்டு ஆயா: கல்லு மாதிரி இருக்கு. போன மாசம் இடுப்பு வலின்னு இங்க வந்து படுத்த இன்னொரு ஆயாவை மறுநாளே வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. எனக்கு அப்படியெல்லாம் எதுவும் இல்ல.

பிசியோ: கேட்டதுக்கு மேலயே சொல்றீங்க... சரி. இது ஒண்ணை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. சில பேருக்கு நரம்பு நசுங்கி, உக்கார்ற இடம் மரத்துப்போகும். ஒண்ணுக்கு வராம அடைக்கும். அதுக்குப் பயிற்சி கிடையாது, உடனே ஆபரேஷன். விட்டா கால் விளங்காமலே போயிடலாம். அப்படி ஏதாவது?

தையல்காரர்: அதெல்லாம் இல்ல மேடம்.

பிசியோ: நிச்சயமா?

தையல்காரர்: இருந்தா எனக்குத் தெரியாதா?

வார்டு ஆயா: ...இருக்கு.

பிசியோ: என்ன இருக்கு?

வார்டு ஆயா: அந்த மரமரப்பு... நேத்து காலையிலேருந்து. ஒண்ணுக்கும் முக்கி முக்கித்தான்...

தையல்காரர்: நேத்துலேருந்தா? உன் வலிக்கு நான் வந்து இங்க படுத்துக்கிட்டிருக்கேன்... இதை என்கிட்டகூட நீ சொல்லலியே?