சின்னக் கமரா வேணாம் தங்கச்சி

இல்லத் தங்கச்சி, நீங்க என்ன எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறீங்க எண்டு உங்கட முகத்திலயே எழுதியிருக்கு. இப்ப இந்த மனுசன் தொண்டையச் செருமிப்போட்டு, மெகாபிக்சல் எத்தினை, ஐஎஸ்ஓ எத்தினை எண்டு தொடங்கப்போறான். பிறகு அந்த யூடியூப்காரப் பொடியன் மாதிரி, ஹலோ ஹலோ மக்களே, இண்டைக்கு நாங்க என்ன பாக்கப்போறம் எண்டு கேட்டா, எண்டு ஒரு இழுவை இழுக்கப்போறான். சிரிக்கிறீங்க. அப்ப நீங்களும் அவன்ட சனலப் பாத்துப்போட்டுத்தான் வந்திருக்கிறீங்க. அவன் சின்னக் கமராவ மூக்குக்கு நேர பிடிச்சுக்கொண்டு, இது கமரா இல்ல மக்களே, இது ஒரு காதல், எண்டு கண்ண மூடுவானே. அதக் கேட்டுத்தானே பம்பலப்பிட்டியில இருந்து இந்த வெய்யிலுக்க நடந்து வந்தனீங்க.

ஓ, பஸ்ஸிலயா. சரி, பஸ்ஸில.

இருங்க, இருங்க. லுத்பியா தேத்தண்ணி ஊத்துறா. இந்த வீட்டில தேத்தண்ணி குடிக்காம ஒருத்தரும் கமரா பாக்கேலாது. நான் ஒஸ்வால்ட். கொட்டாஞ்சேனை. கலியாண வீடுகளில மைக் பிடிக்கிறவன், ஆக்கள்ட குரலும் எடுப்பன், மிமிக்ரி. கமரா ரெண்டும் என்டயில்ல. லுத்பியான்ட புருசன் ஜவாத் நானான்ட. அவர் மௌத்தாகிக் கண்ண மூடின பிறகு யாராவது வாங்க வந்தா இவ எனக்கு ஒரு கோல் எடுப்பா. எனக்கு இந்தச் சாமான்ட விசயம் ஒண்டும் விளங்காது, வந்து சொல்லிக் குடுங்க எண்டுவா. நானும் பஸ் ஏறி வந்து சொல்லிக் குடுப்பன். கேட்ட ஆக்கள் நல்லா விளங்கிக்கொண்டு வெறுங்கையோட போவினம். என்ட ராசி அப்பிடி.

உங்கட பேர்? ஆரணி. நல்ல பேர். அப்ப ஆரணி, மேசையப் பாருங்க. இடப்பக்கம் இருக்கிறது ஒரு குடும்பம். மிரர்லெஸ் உடம்பு ஒண்டு, அதுக்கு லென்ஸ் மூண்டு. தூரத்துக்கு ஒண்டு, முகத்துக்கு ஒண்டு, கூட்டத்துக்கு ஒண்டு. கழட்டிக் கழட்டிப் பூட்டலாம். வலப்பக்கம் இருக்கிறது தனிக்கட்டை. லென்ஸ் உடம்போட ஒட்டிப் பிறந்தது, கழட்டேலாது. ஆனா சின்னது எண்டு நினைச்சுப்போடாதீங்க, உள்ள இருக்கிற சென்சர் ரெண்டுக்கும் ஒரே அளவு. படத்தப் பக்கத்தில பக்கத்தில வச்சா எதில எடுத்தது எது எண்டு ஜவாத் நானாவுக்கே மாறிப்போகும். அதால தரத்தப் பத்தி நான் கதைக்கல்ல. குணத்தப் பத்திக் கதைக்கிறன்.

பெரிசத் தூக்கினா சனத்தின்ட முகம் மாறும். இங்க கோல் ரோட் பக்கம் ஒரு ஹோல்ல கலியாணம். மாப்பிள்ளையின்ட பெரியப்பா கனகசபாபதி, யாழ்ப்பாணத்து மனுசன், பந்தியில வடையோட மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிறார். லென்ஸ் தன்ட பக்கம் திரும்பினது கண்டார், அவ்வளவுதான். வடை இலைக்குப் போச்சு, சால்வை தோளுக்கு வந்துது. தம்பி, ஒண்டே ஒண்டு எடும், ஆனா சாப்பாடு விழக்கூடாது, நான் டயபெட்டிக், பிள்ளையள் லண்டனில பாப்பினம். படத்தப் பாத்தா பாஸ்போட் ஒப்பீசில எடுத்த மாதிரி. அடுத்த நாள் வீட்டில வச்சு நானா அதே மனுசன சின்னதால எடுத்தார். அவர் திரும்பியும் பாக்கல்ல. விளையாட்டுச் சாமான் எண்டு நினைச்சிட்டார். கையில வடை, வாயில வடை, கண்ணில அப்பிடியொரு சந்தோசம். சட்டர் சத்தமும் இல்லத்தானே. நகம் வெட்டினமாதிரி ஒரு டிக். அதனாலதான் செத்த வீடுகளுக்கெல்லாம் நானா சின்னதக் கொண்டு போறவர். அழுற ஆக்களுக்கு முன்னால பெரிசத் தூக்கிக்கொண்டு நிண்டா சுடத் துவக்கு நீட்டின மாதிரி இருக்கும் எண்டுவார்.

ஓம், நல்ல விசயம்தான். நான் இல்லையெண்டு சொல்லல்லையே. நல்லதையெல்லாம் முதல் சொல்லிப்போட்டுத்தான் வேணாம் எண்டு சொல்லுவன். அதுதான் முறை.

இப்ப பாருங்க, இந்த உப்புக்காத்து. இந்த ஒழுங்கை இறங்கினா மரைன் ட்ரைவ், அதத் தாண்டினா தண்டவாளம், அதத் தாண்டினா பாறையும் கடலும். வெள்ளவத்தையில லென்ஸுக்குப் பங்கஸ், அதுதான் பூஞ்சணம், வராட்டித்தான் அதிசயம். பெரிசு எண்டா அந்த ஒரு லென்ஸத் தூக்கி எறிஞ்சுபோட்டு மத்ததப் பூட்டலாம். சின்னதுக்குப் பங்கஸ் வந்தா முழு ஆளும் ஆஸ்பத்திரிக்கு. பற்றரியும் அப்பிடித்தான், தாலி கட்டுறதுக்குள்ள செத்துப்போகும். என்ன? நீங்க கலியாணம் எடுக்கப்போறதில்லையா. ஹேண்ட்பேக்கில வச்சுக்கொண்டு திரியவா. அம்மாவையும் அப்பாவையும் அவையளுக்குத் தெரியாம எடுக்கவேணும். ம். அதுக்கு இது நல்லதுதான், நான் பொய் சொல்லக்கூடாது.

ஒரு நிமிசம். தண்டவாளத்தில கோச்சி வருது. போகட்டும்.

ம். போயிட்டுது. இல்லயில்ல, சத்தத்தில கதைக்கேலாது எண்டுதான். எங்க விட்டனான்.

ஓ, சத்தம். நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கிறம். நானும் நானாவும் எப்பிடி வேலை செய்தனாங்க எண்டு தெரியுமா. குடும்பப் படம் எடுக்கைக்க சிரியுங்க சிரியுங்க எண்டா ஒருத்தரும் சிரிக்க மாட்டினம், பல்லுத்தான் காட்டுவினம். அதால நான் நானாவுக்குப் பின்னால நிப்பன். அவர் கண்ண கமராவில இருந்து எடுக்காமலே, ஒஸ்வால்ட், சத்தத்தக் குடுங்க, எண்டுவார். நான் குடுப்பன். பொம்பிளைப் பகுதிக்குச் சேவல். மாப்பிள்ளைப் பகுதிக்கு ட்ரபிக் பொலிஸ்காரன்ட விசில். சின்னப் பிள்ளையள் எண்டா பாண் விக்கிற ஓட்டோ மியூசிக். ஒரு செக்கன் எல்லார்ட முகமும் உடையும் பாருங்க, அந்த ஒரு செக்கன்ல அவர் அமத்துவார். முந்தியும் இல்ல, பிந்தியும் இல்ல. இருபது வருசமா என்ட வாய்க்கும் அவர்ட விரலுக்கும் நடுவில ஒரு வயர் ஓடினது. கூடிப்போனா ஒரு படத்துக்கு ரெண்டு தரம் எடுத்திருப்பார். மூண்டாம் தரத்துக்கு, ஒஸ்வால்ட், உங்கட சத்தம் பழசாப் போச்சி, புதுசு ஒண்டு கொண்டாங்க மச்சான், எண்டுவார்.

மன்னிச்சுக்கொள்ளுங்க லுத்பியா. வாய் தானா வந்திட்டுது. இவவுக்கு நான் நானான்ட குரல எடுக்கிறது பிடிக்காது. நியாயம்தானே. ஒருக்கா இந்த வாசலில நிண்டு நினைவில்லாம, லுத்பியா கதவத் தொறங்க, எண்டு அவர்ட குரல்ல கூப்பிட்டிட்டன். கதவத் திறந்தவ அப்பிடியே நிலத்தில இருந்திட்டா. அதுக்குப் பிறகு எடுக்கிறதில்ல. எடுக்கக்கூடாது எண்டு நினைக்கிறதுதான். என்ட மனுசி சொல்றா, நித்திரையில நான் ஜவாத் நானா மாதிரிக் கதைக்கிறனாம். என்னடி கதைச்சனான் எண்டு கேட்டா சொல்றாளில்ல. எழும்பிப்போய் சாமிப் படத்துக்கு முன்னால நிக்கிறாள்.

தேத்தண்ணியக் குடியுங்க. ஆறுது.

அத ஏன் இப்ப கையில எடுக்கிறீங்க. இல்ல, எடுங்க, எடுங்க, பாக்கத்தானே வந்தனீங்க. பாரமில்லத்தானே. ஓம், கைக்கு நல்லா இருக்கும். என்ட பக்கம் திருப்பாதீங்க. சும்மா, பிளாஷ் கண்ணுக்குக் கூசும். அப்ப சரி, எடுங்களன். என்னையும் லுத்பியாவையும் சேத்தா? வராது தங்கச்சி, மேசை தடுக்கும். சூம் எங்க இருக்கு எண்டு தேடாதீங்க, இதில சூம் இல்ல. உங்கட கால்தான் சூம். கிட்ட வேணுமெண்டா நடந்து வரவேணும், கனபேர் வேணுமெண்டா பின்னுக்கு.

பின்னுக்குப் போகாதீங்க.

பின்னுக்குப் போகாதீங்க எண்டு சொல்றன். அலுமாரி இருக்கு. பாத்தீங்களா, இடிச்சுக்கொண்டீங்க. வையுங்க அத. மேசையில வையுங்க. கத்தினதுக்குக் குறை நினைக்காதீங்க. இருங்க, இந்தக் கதிரையில இருங்க.

என்னெண்டா, கண்ண அதுக்குள்ள வச்சா ஆளுக்கு முதுகு இல்லாமப் போகும். முன்னுக்கு இருக்கிறது மட்டும்தான் உலகம். இதத்தான் நான் வாற எல்லாருக்கும் சொல்றனான். யூடியூப்காரன் இதச் சொல்ல மாட்டான்.

சரி, கேளுங்க. பெருநாளுக்குப் பிறகு வந்த ஞாயிறு, பின்னேரம். லுத்பியான்ட தம்பி நிஸாம் குடும்பத்தோட டோஹாவில இருந்து வந்திருந்தார். எல்லாரையும் சேத்துக் கடலோட ஒரு படம் எண்டு நானாவுக்கு ஆசை. என்னையும் வரச்சொல்லி, நீங்களும் குடும்பம்தானே, இண்டைக்குப் பின்னால நிக்காம முன்னால நில்லுங்க எண்டார். நாங்க பாறையில வரிசையா. சூரியன் எங்கட முதுகுக்குப் பின்னால, முகமெல்லாம் கறுப்பு. அந்த வெளிச்சத்துக்குப் பெரிசில சட்டர வேகமாக்கினா பிளாஷ் ஒத்துவராது, படத்தில பாதி இருட்டு விழும். சின்னதுக்கு சட்டர் லென்ஸுக்குள்ளயே இருக்கு, எவ்வளவு வேகத்திலயும் பிளாஷ் பிடிக்கும். அதனாலதான் அண்டைக்கு இதக் கொண்டுவந்தவர். யோசிச்சுத்தான் கொண்டுவந்தவர். வேலை தெரிஞ்ச மனுசன்.

அவர் எங்களப் பாத்துக்கொண்டு நிக்கிறார். முதுகு தண்டவாளத்துக்கு. நாங்க கனபேர். ஓரத்தில நிண்ட நிஸாம்ட மகள் அஸ்கா படத்துக்குள்ள அடங்கிறாளில்ல. பெரிசு எண்டா நிண்ட இடத்திலயே கூட்டத்துக்கு எண்டு வச்சிருக்கிற லென்ஸப் பூட்டியிருப்பார். சின்னதில என்ன செய்ய. கொஞ்சம் பின்னுக்குப் போனார். அஸ்கான்ட கை மட்டும் வந்துது. இன்னும் கொஞ்சம் போனார். கல்லில ஏறினார். தண்டவாளக் கட்டையில ஏறினார். அங்க நிண்டாத்தான் எல்லாரும் அடங்கினம்.

தெகிவளைப் பக்கத்தால வந்த கோச்சி.

கடல் இரைச்சல், காத்து, அவருக்கு ஒண்டும் கேக்கல்ல. கோச்சின்ட ஹோன் கேட்டிருந்தா பாஞ்சிருப்பார்தானே. கண்ணும் உள்ள. நாங்க எல்லாரும் கத்தினம், கையக் காட்டினம், எங்கட முகம் எப்பிடி இருந்திருக்கும் எண்டு நினைச்சுப் பாருங்க. அந்த நேரம் பிளாஷ் அடிச்சுது. அதுதான் நான் கடைசியாக் கண்டது. கமரா தூரப்போய்க் கல்லில விழுந்துது. அந்த மூலையில ஒரு கீறல் இருக்கே, அது அதுதான். வேற ஒண்டும் ஆகல்ல. நல்லா வேலை செய்யுது, இப்ப நீங்களே பாத்தீங்க.

இல்ல, தொடாதீங்க எண்டு நான் சொல்லல்ல. பயப்படவும் வேணாம். நான் சொல்றது ஒண்டுதான். பெரிசக் கொண்டு போங்க. நிண்ட இடத்தில நிண்டுகொண்டு அம்மாவ எடுங்க, அப்பாவ எடுங்க, தூரத்தில நிண்டு எடுங்க, லென்ஸ் மூண்டையும் லுத்பியா சேத்துத்தான் தருவா. சின்னத நான் ஒருத்தருக்கும் குடுக்க விடமாட்டன். அந்த ஒரு லென்ஸ்தான் அந்த மனுசனக் கொண்டுபோய் அங்க நிப்பாட்டினது. மாத்தக்கூடிய லென்ஸ் எண்டா இண்டைக்கு அவர் இந்தக் கதிரையில இருந்து, ஒஸ்வால்ட், பேசினது போதும், அந்தப் பிள்ளைக்குச் சாமானக் குடுங்க எண்டிருப்பார். அதுக்கு வேற காரணம் இல்ல. லென்ஸ்தான். வேற என்ன. லுத்பியா, சீனிப் போத்தல வையுங்க. எனக்குப் போதும். ஏன் அப்பிடிப் பாக்கிறீங்க. என்ன சொல்லவேணும், சொல்லுங்க.

– செல்றேன் ஒஸ்வால்ட் அண்ணன். வாற ஆளுக்கெல்லாம் இதையே செல்றீங்க, நானும் வாய மூடிக்கிட்டு தேத்தண்ணி ஊத்துறேன். தங்கச்சி, அந்தக் கமராவுல ஒரு பிழையும் இல்ல, நீங்க கொண்டு போங்க. அவருக்கு ஹோன் கேட்டிச்சி. அதுக்குக் கொஞ்சம் முந்தி எங்களச் சிரிக்க வைக்க இவர்தான் கோச்சி மாதிரி ஹோன் அடிச்சார். அச்சு அசல். அவர் பயந்து பாஞ்சு எறங்கினார், நாங்க எல்லாரும் சிரிச்சோம், பொறகு திரும்ப ஏறி நிண்டார். நெசமான கோச்சி அடிச்ச நேரம் அவர் திரும்பியும் பாக்கல்ல. இனி ஏமாற மாட்டேன் ஒஸ்வால்ட், என்டு செல்லிச் சிரிச்சிட்டுத்தான் படத்த எடுத்தார்.