சுத்தமான மீன் இல்லை என்று சொன்னவருக்கு

உங்கள் பணி ஓய்வு நாளில் கூடியிருப்போர்: மீன் அறுப்பவர், கருவிக் கூடத்தார், வண்டி ஓட்டுநர், கணக்கர், துப்புரவு அண்ணன், இயக்குநர். வராதவர் யாருமில்லை. உங்களிடம் திட்டு வாங்காதவரும் யாருமில்லை.

கடல்மீன் ஆய்வகத்தின் கண்ணே! கத்தி பிடித்த கையின் கண்டிப்பே! முதுகுக்குப் பின்னால் நாங்கள் "செவுள் அக்கா" என்றழைத்த மூத்த ஆய்வாளரே!

சோபாவிலும் மெத்தையிலும் தீ சட்டென்று பற்றாமலிருக்க ஒரு மருந்து கலக்கிறார்கள். அது கடலுக்குப் போகிறது. மக்குவதில்லை. மீனின் கொழுப்பில் குடியேறுகிறது. எந்த மீனில் எவ்வளவு என்று அறுத்துப் பார்த்துச் சொல்வதே உங்கள் வாழ்நாள் வேலை.

ஒப்பிட ஒரு சுத்தமான மீன் வேண்டுமே! கரையே கண்டிராத ஆழ்கடல் மீனை அதற்கு வைத்திருந்தோம். அதில் கருவி எதைக் காட்டினாலும் ஆய்வகத் தூசி என்று நம்பி, மற்ற மீன்களின் அளவிலிருந்து கழித்துவிடுவோம். எல்லோரும் அப்படித்தான் செய்தோம். நீங்களும்தான்.

அந்தத் 'தூசி' வருடா வருடம் ஏறியது. உங்களுக்கு உறுத்தியது.

"நம்ம சோபா உதிருது மேடம். ரிட்டயர் ஆகுற நேரத்துல எதுக்கு வம்பு?" என்றார் இயக்குநர்.

"அப்ப சோபாவத் தூக்கி வெளிய போடுங்க சார். பாத்துருவோம்."

சோபா போனது. மெத்தை நாற்காலிகள் போயின. திரைச்சீலையும் போனது. மர முக்காலியில் உட்கார்ந்து எங்கள் இடுப்பு ஒடிந்தது. "அடுத்து நம்மளையும் தூக்கிப் போட்டுருவாங்க போல," என்றார் ஓட்டுநர். சுவரைக்கூடத் துடைத்தோம். மீனில்லாமல் வெறும் குப்பியைக் கருவியில் வைத்து ஓட்டினோம்: ஒன்றுமே காட்டவில்லை. பிறகு ஆழ்கடல் மீனை ஓட்டினோம். திரையில் அந்த மருந்தின் கோடு எழுந்து நின்றது.

"மனுசன் மூஞ்சியே பாக்காத மீனுக்கா இது," என்றார் மீன் அறுப்பவர். வெளிச்சமே எட்டாத ஆழத்தில் யார் வீட்டுச் சோபா? இத்தனை காலம் கழித்தது தூசியல்ல, விஷம். சாப்பிடலாம் என்று நாம் எழுதிக்கொடுத்த மீனிலெல்லாம் விஷத்தின் அளவைக் குறைத்தே சொல்லியிருந்தோம். சாப்பிட்டவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு.

வெளியே சொன்னால் உங்கள் பணிக்காலம் முழுதும் பிழை என்றாகும். "பேரு கெட்டுரும் மேடம்," என்றார் இயக்குநர், நல்லெண்ணத்தோடுதான்.

"என் பேரையா சார் சாப்பிடுறாங்க?" என்றீர்கள். கையெழுத்திட்ட அறிக்கைகளை நீங்களே திரும்பப் பெற்றீர்கள். இன்று வெளியிலிருந்து ஒரு வாழ்த்தும் வரவில்லை. அதனால்தான் இதை உரக்க வாசிக்கிறோம்.

நெடுநாள் நோயின்றி வாழுங்கள்! வாழ்வீர்கள் என்பதற்கு ஆதாரமில்லை, ஆசை இருக்கிறது. ஊழியர் அனைவரும் இதன்கீழ் ஒப்பமிட்டிருக்கிறோம்.

ஒரு வெட்கத்தையும் சொல்லிவிடுகிறோம். உங்களுக்காக ஆசையாக வாங்கிய பரிசை இன்று காலை ஆய்வகத்துக்குள்ளேயே தூக்கி வந்தோம். மெத்தை வைத்த சாய்வு நாற்காலி!

"அட பாவிகளா!" என்று கத்தினீர்கள். யோசிக்காமல் நீங்களே அதைக் கட்டிப்பிடித்து வாசலுக்கு வெளியே இழுத்துப்போனீர்கள். திரும்பி உள்ளே வர ஒரு கால் வைத்தவர், சட்டையைக் குனிந்து பார்த்தீர்கள். பஞ்சுத் தூள்.

"நானும் தொட்டுட்டேன்," என்று வைத்த காலைப் பின்னிழுத்து, நாற்காலியைத் தொடாமல் உள்ளே நின்ற மீன் அறுப்பவரிடம் சாவியை நீட்டினீர்கள். "என்ன முழிக்கிற? உள்ள மீன் இருக்கு. பூட்டுப்பா."

உங்கள் முதுகுக்குப் பின்னால் அவர் கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினார்.